கைம்பெண்களுக்கு வாழ்வளித்த கல்வியன்னை சகோதரி சுப்புலட்சுமி

திருவிழாக் காலங்களில் நம் ஆலயங்களில் அன்னதானம் நடைபெறுகிறது. பசித்து வந்தவர் யாராயினும் பந்தியில் அமர்ந்து வயிறார உண்டு செல்கிறார். இது பெரும் புண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இன்று உண்டவருக்கு நாளையும் பசிக்கும். நாளைய உணவைத் தம் உழைப்பால் தாமே தேடிக்கொள்ளும் ஆற்றலை ஒருவருக்கு அளித்துவிட்டால், அந்த அறம் அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. அவருடைய பிள்ளைகளின் காலத்திலும் தொடர்கிறது.

இந்த அறத்தைத் தம் வாழ்க்கை நெறியாகக் கொண்டு, சமுதாயம் ஒதுக்கித் தள்ளிய இளம்பெண்களை ஆசிரியைகளாக்கித் தலைநிமிரச் செய்தவர் சகோதரி சுப்புலட்சுமி அம்மையார். சுப்புலட்சுமி என்றதும் நம்மில் பலருக்கு இசையரசியின் நினைவே வரும். இவர் அவருக்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்தவர். கல்வித் துறையில் அரும்பணி ஆற்றியவர். ஆர். எஸ். சுப்புலட்சுமி என்பது இவருடைய பெயர். சென்னை மக்கள் இவரைச் சகோதரி என்றே அழைத்தனர்.

பிறப்பும் இளமையும்

1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் சுப்புலட்சுமி பிறந்தார். தந்தையார் ஆர். வி. சுப்பிரமணிய ஐயர், தாயார் விசாலாட்சி. தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் அது. தந்தையார் பொறியியல் கற்று அரசுப் பணியில் இருந்தவர். ஆங்கிலக் கல்வியின் பயனை நன்கு உணர்ந்தவர். மூத்த மகளான சுப்புலட்சுமிக்குப் படிப்பில் இருந்த ஆர்வத்தைக் கண்டு மகிழ்ந்து, அவரைப் பள்ளிக்கு அனுப்பி வைத்தார்.

பெண்ணுக்கு எழுத்தறிவு எதற்கு என்று கேட்ட காலம் அது. 1911-ஆம் ஆண்டின் குடிக்கணக்குப்படி, இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒருவரே எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால், அதற்குப் பல ஆண்டுகள் முந்திய நிலை எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அத்தகைய காலத்தில் தம் ஒன்பதாவது வயதில், நான்காம் வகுப்புப் பொதுத் தேர்வில் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே முதலிடம் பெற்றார் சிறுமி சுப்புலட்சுமி. பெற்றோர் பெருமை கொண்டனர். ஆனால் அந்தப் பெருமையின் ஊடே கவலையும் இருந்தது. பருவமடையும் முன்பே பெண்ணுக்கு மணம் முடித்துவிட வேண்டும் என்பது அவர்கள் குலத்தின் கட்டுப்பாடு. அதை மீறிய குடும்பத்தை உறவினர் ஒதுக்கி வைப்பர்.

வழக்கத்திற்குத் தந்தையார் பணிந்தார். சுப்புலட்சுமிக்குச் சிறு வயதிலேயே திருமணம் நடைபெற்றது. திருமணமான சிறிது காலத்திலேயே கணவர் இறந்தார். கணவன் என்றால் யார் என்று அறியும் முன்னரே அச்சிறுமி கைம்பெண் ஆனார்.

கைம்மை என்னும் கொடுமை

அக்காலத்தில் உயர்குலக் கைம்பெண் ஒருத்தி பட்ட துயரம் இன்றைய தலைமுறைக்குக் கதைபோல் தோன்றும். தலை மழிக்கப்படும். பூவும் பொட்டும் வளையலும் பறிக்கப்படும். ஒரு வேளை உணவு, ஒரு முரட்டுப் புடவை. மங்கல நிகழ்ச்சிகளில் அவள் முகம் தென்படக் கூடாது. காலையில் வீதியில் எதிர்ப்பட்டால் தீய சகுனம் என்று ஒதுங்குவர். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இதே விதிதான்.

சடங்குகள் தந்த துயரத்தைவிடப் பெரிய துயரம் ஒன்று இருந்தது. அது பிழைப்புக்கு வழியில்லாமை. கூட்டுக் குடும்பச் சொத்தில் கைம்பெண்ணுக்குப் பங்கு கிடையாது. சோறும் துணியும் பெறும் உரிமை மட்டுமே உண்டு. 1937-ஆம் ஆண்டில் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வரும் வரை இதுவே நிலை. எனவே, அவள் பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ அடுப்படியில் உழைத்து, பிறர் தரும் சோற்றுக்காகக் காத்திருக்க வேண்டியவளானாள். மாமனாரோ தமையனோ நல்லவராக இருந்தால் அவள் வாழ்வு ஓரளவு நன்றாக இருக்கும். இல்லையெனில் அவளுக்குப் போக்கிடமில்லை. கைம்பெண் மறுமணத்தை 1856-ஆம் ஆண்டிலேயே சட்டம் அனுமதித்துவிட்டது. ஆனால் அச்சட்டம் ஏட்டில் இருந்ததே தவிர, வீட்டிற்குள் நுழையவில்லை.

இந்நிலையை மாற்றச் சான்றோர் சிலர் முன்பே முயன்றிருந்தனர். இராஜமகேந்திரவரத்தில் வீரேசலிங்கம் பந்துலு மறுமணங்களை நடத்தி வைத்தார். பண்டித இரமாபாய் 1889-ஆம் ஆண்டு பம்பாயில் சாரதா சதனம் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். புனே நகரில் கார்வே 1896-ஆம் ஆண்டு கைம்பெண்களுக்காக ஓர் இல்லம் அமைத்தார். தமிழ்நாட்டில் அப்பணியை ஏற்று நடத்தும் பொறுப்பு, தாமே இளங்கைம்பெண்ணான ஒருவருக்காகக் காத்திருந்தது.

தந்தையின் துணிவு

மகள் கைம்பெண்ணானபோது சுப்பிரமணிய ஐயர் ஒரு முடிவுக்கு வந்தார். வழக்கத்திற்கு ஒருமுறை பணிந்தாயிற்று, இனிப் பணிவதில்லை. மகளின் தலையை மழிக்க அவர் இசையவில்லை. அடுப்படி மூலையில் அவரை முடக்கவும் இல்லை. படிக்க வைத்தார். உற்றார் உறவினரின் ஏச்சுக்கு அஞ்சி, முதலில் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். பின்னர்க் கிறித்துவக் கன்னியர் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார்.

அந்த வீட்டில் இன்னொரு கைம்பெண்ணும் இருந்தார். அவர் சுப்புலட்சுமியின் சித்தி வாலாம்பாள். தமக்குக் கிட்டாத கல்வி அக்காள் மகளுக்காவது கிட்டட்டும் என்று அந்த அம்மையார் பக்கத் துணையாக நின்றார். பிற்காலத்தில் சுப்புலட்சுமி ஆற்றிய தொண்டுகளில் எல்லாம் இச்சித்தியின் உழைப்பும் கலந்திருக்கிறது.

கன்னியர் பள்ளியில் சுப்புலட்சுமி பாடங்களை மட்டும் கற்கவில்லை. குடும்பம் இல்லாத பெண்களும் வெள்ளுடை உடுத்திப் பிறருக்காக உழைத்து மதிப்போடு வாழ முடியும் என்பதைத் தம் கண்களால் கண்டார். அக்கன்னியரின் வாழ்க்கை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. ஆயினும், அவர் தம் சமயத்தை விட்டு விலகவில்லை. இந்து சமயத்தில் இருந்துகொண்டே அதே தொண்டுள்ளத்தோடு வாழ்வது என்று உறுதி பூண்டார். சகோதரி என்னும் பெயர் அவருக்கு நிலைத்தது இதனால்தான்.

மேற்கல்விக்காகச் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆடவர் நிறைந்த வகுப்பறையில் அவர் தனித்திருந்தார். தெருவில் ஏளனம் செய்தனர். சாதியை விட்டு விலக்கி வைப்பதாக மிரட்டினர். அனைத்தையும் பொறுத்துக்கொண்டு 1911-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் என்னும் சிறப்பு அவருக்கு உரியதாயிற்று.

இரு குறைகளுக்கு ஒரே மருந்து

பட்டம் பெற்ற சுப்புலட்சுமி தம் வாழ்வு மட்டும் சீரடைந்ததை எண்ணி நிறைவடையவில்லை. தமக்கு வாய்த்த தந்தை எல்லாக் கைம்பெண்களுக்கும் வாய்ப்பதில்லையே என்ற எண்ணம் அவரை வருத்தியது. பரிவு காட்டிச் சோறிட்டால் மட்டும் அவர்களின் குறை தீர்ந்துவிடாது என்பதையும் உணர்ந்திருந்தார். அவர்கள் சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டும். அதற்கு ஒரு தொழில் வேண்டும். அத்தொழில் குடும்பத்தாரும் ஊராரும் மதிக்கும் தொழிலாக இருத்தல் வேண்டும்.

அதே வேளையில் நாட்டிற்கு மற்றொரு குறையும் இருந்தது. பெண் குழந்தைகளுக்குப் பள்ளிகளைத் திறக்க அரசு விரும்பியது. ஆனால் ஆண் ஆசிரியர் கற்பிக்கும் பள்ளிக்கு வளர்ந்த பெண்பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். இந்துக் குடும்பங்களிலிருந்து ஆசிரியைகள் கிடைப்பதோ அரிதாக இருந்தது. மணமான பெண்களைக் குடும்பப் பொறுப்பு கட்டிப்போட்டது. மணமாகாத வயதுவந்த பெண்களே அன்று இல்லை எனலாம்.

இவ்விரு குறைகளையும் ஒருசேர நோக்கியதில்தான் சுப்புலட்சுமியின் அறிவுத்திறன் விளங்குகிறது. ஒருபுறம் ஆசிரியைகள் இல்லாத பள்ளிகள். மறுபுறம் வேலையற்று, நாதியற்றுக் கிடந்த இளங்கைம்பெண்கள். சமுதாயம் வேண்டாம் என்று தள்ளியவர்களே சமுதாயத்திற்கு இன்றியமையாத ஒரு பணியைச் செய்யக் கூடியவர்களாக இருந்தனர். இடையில் தேவைப்பட்டது பயிற்சி ஒன்றே.

அரசின் பெண்கள் பள்ளி ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்னும் ஆங்கிலேய ஆட்சிக் கால அதிகாரியும் இதே வழியில் சிந்தித்துக்கொண்டிருந்தார். இருவரும் கைகோத்தனர். 1912-ஆம் ஆண்டில் சாரதா மகளிர் சங்கம் என்னும் அமைப்பைச் சுப்புலட்சுமி தோற்றுவித்தார். சாரதா என்பது கலைமகளின் திருப்பெயர்களுள் ஒன்று. கல்வித் தெய்வத்தின் பெயரால் தொடங்கிய அச்சங்கத்தின் ஆதரவில் கைம்பெண்களுக்கான இல்லமும் உருவாயிற்று. எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு இளங்கைம்பெண்களோடு அந்த இல்லம் தொடங்கியது. சித்தி வாலாம்பாள் வீட்டுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

ஐஸ் ஹவுஸில் ஒரு புதுவாழ்வு

நால்வராகத் தொடங்கிய எண்ணிக்கை விரைவில் பெருகியது. வீடு போதவில்லை. இடம் தேடும் நிலை வந்தது. கைம்பெண்கள் கூட்டமாகத் தங்குவதற்கு வீடு கொடுப்பவர் யார்? நல்ல காரியத்திற்குப் புறப்படும்போது எதிரே அவர்கள் வருவார்களே என்று அஞ்சிய அயலார் நடுவே இடம் பிடிப்பது எளிதன்று.

இறுதியில் திருவல்லிக்கேணிக் கடற்கரையோரம் இருந்த ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம் அவர்களுக்கு அமைந்தது. இக்கட்டடத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்க நாட்டு ஏரிகளில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து வைப்பதற்காக, பிரெடெரிக் டியூடர் என்னும் வணிகர் 1842-ஆம் ஆண்டு வாக்கில் கட்டியது அது. பனிக்கட்டியை இயந்திரத்தால் செய்யும் முறை வந்ததும் அவ்வணிகம் படுத்துவிட்டது. பின்னர்ப் பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞர் அதை வாங்கிக் குடியிருப்பாக மாற்றினார். மேல்நாடுகளில் இந்து சமயத்தின் பெருமையை நிலைநாட்டித் திரும்பிய சுவாமி விவேகானந்தர், 1897-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒன்பது நாள்கள் தங்கியது இந்த மாளிகையில்தான்.

இத்தகைய பெருமை பெற்ற கட்டடத்தை 1917-ஆம் ஆண்டில் அரசு விலைக்கு வாங்கியது. அதுவே கைம்பெண்களின் இல்லமாகத் திகழ்ந்தது. விவேகானந்தர் பெண்கல்வியை வலியுறுத்தியவர். அவர் தங்கிய இடத்திலேயே பெண்கள் கற்றுத் தொழில் பெற்று வெளியேறினர் என்பது இறைவன் திருவுள்ளம் என்றே கொள்ளத்தக்கது.

இல்லத்தில் பெண்கள் தங்கிப் படித்தனர். எழுத்தறியாமல் வந்தவர்கள் அடிப்படையிலிருந்து தொடங்கினர். ஓரளவு படித்தவர்கள் பள்ளி இறுதித் தேர்வுக்கு ஆயத்தமாயினர். தேர்ச்சி பெற்றவர்கள் ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்தனர். 1914-ஆம் ஆண்டில் சென்னையில் இராணி மேரி கல்லூரி திறக்கப்பட்டபின், திறமை மிக்கவர்கள் கல்லூரிப் படிப்பையும் தொடர்ந்தனர். அக்கல்லூரியும் கடற்கரைச் சாலையிலேயே அமைந்தது அவர்களுக்கு வசதியாயிற்று.

சுப்புலட்சுமி வெறும் நூலறிவோடு நின்றுவிடவில்லை. தலை குனிந்து, சுவரோரம் ஒண்டி, உரக்கப் பேசவும் அஞ்சி வளர்ந்த பெண்கள் அவர்கள். நாற்பது குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பின் முன் நின்று தெளிவாகப் பேச வேண்டுமானால், முதலில் அந்த அச்சம் நீங்க வேண்டும். வீட்டைவிட்டு வெளியே வரத் துணிய வேண்டும். தம்மைத் தாமே இழிவாக நினைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். வெண்புடவை உடுத்திய ஒரு கைம்பெண்ணே தங்கள் தலைவியாகவும் பட்டதாரியாகவும் அரசு ஊழியராகவும் நாள்தோறும் கண்முன் நடமாடியது, அப்பெண்களுக்கு எந்த அறிவுரையையும்விடப் பெரிய பாடமாக அமைந்தது.

விட்டுக்கொடுத்ததும் விட்டுக்கொடாததும்

அம்மையாரின் பணிமுறையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊரை எதிர்த்து முழக்கமிடும் இயல்பு அவருக்கு இல்லை. இல்லத்தின் சமையலறையிலும் வழிபாட்டிலும் வைதிகக் குடும்பங்களின் ஆசாரங்களைப் பின்பற்றச் செய்தார். அப்போதுதான் பெற்றோர் தம் மகளை நம்பி அனுப்புவர் என்பதை அறிந்திருந்தார். சாப்பாட்டிலும் சடங்கிலும் விட்டுக்கொடுத்தார். ஆனால் படிப்பிலும் வேலையிலும் சிறிதும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. இல்லத்தில் பிராமணக் கைம்பெண்கள் மட்டுமே சேர்க்கப்பட்டனர். துயரம் ஒரு குலத்துக்கு மட்டும் உரியதன்று. ஆதரவற்ற இளம்பெண்கள் எல்லாக் குலங்களிலும் இருந்தனர். இக்கட்டுப்பாடு ஒரு குறையே என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், அம்மையாரின் பணி அந்த எல்லையோடு நின்றுவிடவில்லை.

1922-ஆம் ஆண்டில் அரசு லேடி வெலிங்டன் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியது. அதன் முதல் தலைவராகச் சுப்புலட்சுமி பொறுப்பேற்றார். இந்துப் பெண்கள், கிறித்துவப் பெண்கள் எனப் பலதரப்பட்டவரும் அங்குப் பயின்றனர். கல்லூரிப் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு பயிற்சி, உயர்நிலைப் படிப்பு முடித்தவர்களுக்கு ஒரு பயிற்சி, எட்டாம் வகுப்பு அளவில் படித்தவர்களுக்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியப் பயிற்சி என மூன்று படிநிலைகள் அங்கு இருந்தன. உயர்ந்த படிப்பு இல்லை என்பதற்காக எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. அவரவர் நின்ற படியிலிருந்தே ஒரு தொழிலை எட்டிப் பிடிக்க வழி இருந்தது. இந்த ஏற்பாட்டின் நுட்பம் பாராட்டத்தக்கது.

பயிற்சிக் கல்லூரியோடு ஒரு மாதிரிப் பள்ளியும் இணைந்திருந்தது. எப்படிக் கற்பிப்பது என்பதை ஏட்டில் மட்டும் படித்துவிட்டு ஒருவர் ஆசிரியராகிவிட முடியாது. பயிற்சி பெறும் பெண்கள் அப்பள்ளியில் உண்மையான மாணவியர்க்குப் பாடம் நடத்தினர். மூத்த ஆசிரியைகள் உடனிருந்து கண்டு, குறைகளைத் திருத்தினர். கரும்பலகையில் எழுதும் முறை முதல் குறும்புக்காரக் குழந்தையைக் கையாளும் முறை வரை அங்கேயே பழகினர். எனவே அவர்கள் வேலைக்குச் சென்ற முதல் நாளிலேயே வேலை தெரிந்தவர்களாக இருந்தனர். தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு இன்றும் பொருந்தக்கூடிய பாடம் இது.

1920-ஆம் ஆண்டில் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பள்ளிகள் பெருகப் பெருக ஆசிரியைகளின் தேவையும் பெருகியது. பயிற்சி பெற்ற பெண்கள் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் ஆசிரியைகளாகச் சென்றனர். முன்பு ஒரு பிடி சோற்றுக்குத் தமையன் மனைவியின் முகம் பார்த்து நின்றவள், மாதச் சம்பளம் வாங்கி, முதிய தாயைத் தானே காப்பாற்றும் நிலைக்கு வந்தாள். அபசகுனம் என்று ஒதுங்கிய ஊரே அவளை டீச்சரம்மா என்று அழைத்துத் தன் பெண் குழந்தைகளை அவளிடம் ஒப்படைத்தது. மேடைகளில் எத்தனை ஆண்டு பேசினாலும் மாறாத மனம், வேலையால் மாறியது.

வயது கடந்தவர்களுக்கும் வாய்ப்பு

அரசு நிறுவனம் என்றால் விதிமுறைகள் இருக்கும். வயது வரம்பும் அவற்றுள் ஒன்று. இளம்பெண்களுக்கு ஐஸ் ஹவுஸில் இடம் கிடைத்தது. வயது சற்றுக் கடந்துவிட்ட கைம்பெண்கள் என்ன செய்வர்? விதியைக் காட்டிக் கதவை அடைத்துவிடுவது எளிது. அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. விதியை மீறவும் இல்லை. அரசு விதி எட்டாத இடத்தில் சங்கத்தின் மூலம் வேறொரு கதவைத் திறந்தார். சாரதா மகளிர் சங்கத்தின் சார்பில் 1920களில் சாரதா வித்தியாலயம் என்னும் பள்ளியும் விடுதியும் தோன்றின. வயது கூடிய பெண்களும் அங்குத் தங்கிப் படித்தனர். 1938-ஆம் ஆண்டில் அப்பள்ளி இராமகிருஷ்ண மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டது. தாம் வளர்த்த நிறுவனத்தைத் தம் கைக்குள்ளேயே வைத்துக்கொள்ளாமல், நிலையாக நடத்தக்கூடியவர்களிடம் ஒப்படைத்த பெருந்தன்மை போற்றத்தக்கது.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. 1942-ஆம் ஆண்டு மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலையம் என்னும் பள்ளியை வயதுவந்த பெண்களுக்காகத் தொடங்கினார். சிறு வயதில் படிப்பை விட்ட பெண்கள், விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடர அது துணை செய்தது. இரண்டாவது வாய்ப்பு என்பது சிலருக்கு முதல் வாய்ப்பைவிட முக்கியமானது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அரசு ஊழியரும் சீர்திருத்தமும்

அரசு ஊழியர் என்னும் முறையில் அம்மையாருக்குக் கட்டுப்பாடுகள் பல இருந்தன. இந்திய மாதர் சங்கத்தில் அவர் உறுப்பினராக இயலவில்லை. எனினும் அதன் தலைவியரோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தார். கைம்பெண்களுக்கு வேலை தேடித் தருவதோடு, குழந்தைகள் கைம்பெண்களாகும் நிலையே இல்லாமல் செய்ய வேண்டும் என்றும் விரும்பினார். நோய்க்கு மருந்து கொடுத்தவரே நோயின் வேரையும் அறுக்க முனைந்தார்.

திருமண வயதைப் பற்றி ஆராய ஜோஷி குழுவை அரசு அமைத்தபோது, அதன் முன் தோன்றித் தம் கருத்தை எடுத்துரைத்தார். 1929-ஆம் ஆண்டு நிறைவேறி, 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சாரதா சட்டம், பெண்ணின் திருமண வயதைப் பதினான்காகவும் ஆணின் திருமண வயதைப் பதினெட்டாகவும் உயர்த்தியது. இச்சட்டத்தின் பெயர் அதைக் கொண்டுவந்த ஹர் பிலாஸ் சாரதாவைக் குறிப்பது. சாரதா மகளிர் சங்கத்திற்கும் அதற்கும் பெயர் ஒற்றுமையே உண்டு. ஆயினும் சங்கத்தின் நோக்கமும் சட்டத்தின் நோக்கமும் ஒன்றாயின.

நிறைவாழ்வு

அம்மையாரின் கல்வித் தொண்டைப் பாராட்டி 1920-ஆம் ஆண்டிலேயே கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின், 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். அறுபது வயதைக் கடந்த நிலையிலும் சிற்றூர்ப் பெண்களின் பக்கம் அவர் கவனம் திரும்பியது. தாம்பரத்திற்கு அருகில் உள்ள மாடம்பாக்கத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1954-ஆம் ஆண்டு ஒரு நல்வாழ்வு மையம் தோன்ற அவர் காரணமானார். 1956-ஆம் ஆண்டு மயிலாப்பூரில் வித்யா மந்திர் பள்ளி உருவாவதிலும் அவர் பங்கு பெரிது.

1958-ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. மோனிகா பெல்டன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் அவருடைய வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். 1966-ஆம் ஆண்டு அது வெளிவந்தது. விவேகானந்தர் பிறந்த நூற்றாண்டான 1963-இல் ஐஸ் ஹவுஸ் கட்டடத்திற்கு விவேகானந்தர் இல்லம் என்னும் பெயர் சூட்டப்பட்டது. இன்று அங்குச் சென்று வழிபட்டு வருவோர், அந்த மாடங்களில் ஒரு காலத்தில் இளங்கைம்பெண்கள் அமர்ந்து பாடம் படித்ததையும் நினைவுகூர்தல் வேண்டும்.

1969-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசித் திருநாளில், தம் எண்பத்து மூன்றாம் வயதில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். திருமால் ஆலயங்களில் சொர்க்கவாசல் திறக்கும் நன்னாளில் அவர் பிரிந்தார். தமக்கென்று பிள்ளை பெறாத அந்த அம்மையார், தாம் உருவாக்கிய ஆசிரியைகளையும் அவர்களிடம் படித்த எண்ணற்ற குழந்தைகளையும் தம் வழித்தோன்றல்களாக விட்டுச் சென்றார்.

நமக்கு உணர்த்தும் பாடம்

சகோதரி சுப்புலட்சுமியின் வாழ்க்கையிலிருந்து ஆலயங்களும் சங்கங்களும் கற்றுக்கொள்ளத்தக்கன பல. உதவி செய்ய விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இவருக்கு என்ன கொடுக்கலாம் என்பதன்று. இவர் எந்த வேலையைச் செய்யக்கூடும், அந்த வேலைக்கு ஆள் தேவைப்படும் இடம் எது என்பதே. இரண்டையும் அறிந்து இணைத்தால் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் உயர்வு தாழ்வு இல்லை. நின்ற படியிலிருந்தே ஒருவரை ஏற்றிவிட வேண்டும். பயிற்சி என்பது வேலையைச் செய்தே பழகுவதாக இருக்க வேண்டும். விதி தடுக்கும் இடத்தில் மனம் சோராமல் வேறு வழி தேட வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, உதவி பெறும் இளையோரின் தன்மதிப்பைக் காக்க வேண்டும்.

படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளும், பெற்றோர் துணையற்ற பிள்ளைகளும், ஒருமுறை தவறியதால் ஒதுக்கப்பட்ட இளைஞர்களும் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருக்கின்றனர். அவர்களை உதவாக்கரைகள் என்று ஒதுக்குவது, அன்று கைம்பெண்ணை அபசகுனம் என்று ஒதுக்கியதற்கு ஒப்பாகும். ஒரு தொழிலைக் கற்பித்து, ஒரு வேலையில் அமர்த்திவிட்டால், ஒதுக்கியவர்களே நாளை அவர்களைத் தேடி வருவர்.

நவராத்திரி நாள்களில் கலைமகளின் திருமுன் ஏடுகளையும் தொழிற்கருவிகளையும் ஒன்றாக வைத்து வணங்குவது நம் மரபு. கல்வியும் தொழிலும் வேறல்ல என்பதே அவ்வழிபாட்டின் உட்பொருள். அந்தச் சாரதையின் பெயரால் சங்கம் அமைத்து, அவ்வுட்பொருளைத் தம் வாழ்நாள் முழுவதும் செயலில் காட்டிய சகோதரி சுப்புலட்சுமி அம்மையாரின் வழியைப் பின்பற்றி, நம் அருகில் உள்ள ஓர் இளையரையாவது ஒரு தொழிலில் நிலைபெறச் செய்வோமாக! கலைமகள் அருள் அனைவருக்கும் கிட்டுவதாக!